வாடகைத் தாய் ஒப்பந்தத்தில் தாய்ப்பாலையும் எழுதலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். எங்கள் வீட்டில் மூன்று பெண்கள், நான் மூத்தவள். பெரிய தங்கைக்கு முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது, குழந்தையும் தங்கவில்லை. பல வருஷம் கழித்து எங்கள் கடைக்குட்டி, நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், அவளுக்காக ஒரு குழந்தையைச் சுமந்து கொடுத்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து குன்னூர், கூடலூர், மேட்டுப்பாளையம் என்று எங்கிருந்தெல்லாமோ போன் வருகிறது, கேட்பதில் பாதி பாலைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

"வாடகைத் தாய்" என்று சொல்வதே சரியா?

எனக்கு வாய் வருவதில்லை. காசு வாங்காமல் பத்து மாதம் சுமந்தவளுக்கு வாடகை என்ற சொல் எப்படிப் பொருந்தும்? ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த சொல் அதுதான், தேடுகிறவர்களும் அதைப் போட்டுத்தான் தேடுகிறார்கள் என்பதால் தலைப்பில் வைத்தேன். இனிமேல் சுமந்தவளைச் "சுமந்தவள்" என்றும், குழந்தைக்கு அம்மா ஆகிறவளை "அம்மா" என்றும் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பாலை ஒப்பந்தத்தில் எழுதலாமா, கூடாதா?

"இத்தனை மாதம் பால் தர வேண்டும்" என்று எழுதக் கூடாது. அதற்காகப் பாலைப் பற்றி ஒன்றுமே பேசாமல் விடுவதும் தப்பு. பால் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தை பிறந்த பிறகு சுமந்தவளே முடிவு செய்வாள், எந்த நாளிலும் நிறுத்தலாம், கொடுத்தாலும் நிறுத்தினாலும் அதற்கான மருத்துவச் செலவும் துணையும் இன்னாருடைய பொறுப்பு, இவ்வளவையும் எழுதுங்கள். குழந்தையைச் சுமக்கச் சம்மதித்தவள் பாலுக்கும் சேர்த்துச் சம்மதித்துவிட்டாள் என்று குடும்பத்தில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அவை இரண்டு வேறு சம்மதங்கள். கர்ப்பமாக இருக்கும்போது பாலைப் பற்றிச் சொல்லும் வார்த்தைக்கும், பிரசவமாகி மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கனக்கும்போது சொல்லும் வார்த்தைக்கும் நிறைய தூரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ஆம் வருஷத்து வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுமக்கிறவள் கல்யாணம் ஆனவளாக, சொந்தக் குழந்தை உள்ளவளாக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான் சுமக்கலாம், அவளுடைய கருமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது. கருவை உள்ளே வைப்பதற்கு முன்னால் வரை மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். அவள் பெயரில் 36 மாதக் காப்பீடு எடுக்க வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் குழந்தை, அதற்கு முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். இவ்வளவு விவரமாக எழுதிய சட்டத்தில் தாய்ப்பால் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கட்டாயம் கொடு என்றும் இல்லை, கொடுக்காதே என்றும் இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் ஆளாளுக்குத் தோன்றியதைப் பத்திரத்தாளில் டைப் அடித்து வைக்கிறார்கள்.

பாலுக்கென்று தனியாகப் பணம் கொடுத்தால்?

கொடுக்காதீர்கள். மருத்துவச் செலவு, விதிகள் அனுமதிக்கும் மற்ற செலவு, காப்பீடு, இவை தவிர பணமாகவோ பொருளாகவோ எதைக் கொடுத்தாலும் அது வணிகம் என்று சட்டம் சொல்கிறது. தம்பதிக்கே முதல் தடவையில் 5 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். "மாசம் இவ்வளவு, ஆறு மாசப் பாலுக்கு" என்று எழுதினால் வக்கீல் என்ன பெயர் வைத்தாலும் அது கூலிதான். போதாக்குறைக்கு, தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்கு அனுமதி இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே 24 அன்று தெளிவாக அறிவித்தது.

"பால் கொடுத்து முடித்ததும் ஒரு பவுன் போடுகிறோம்" என்று ஒரு அம்மா சொன்னார். ஆசையோடுதான் சொன்னார், ஆனாலும் வேண்டாம் என்றேன். உறவுக்குள் நகை போடுவது நம் வழக்கம்தான், அதைப் பாலோடு முடிச்சுப் போட்ட உடனே அது விலையாகிவிடுகிறது. பம்பு, மாத்திரை, டாக்டர் பார்த்த செலவு இவற்றுக்கு டாக்டர் சீட்டும் ரசீதும் வாங்கி மருத்துவச் செலவில் சேருங்கள். அது போதும்.

வெளிநாட்டு ஒப்பந்தங்களில் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாகாணங்களில் பணம் கொடுத்துச் சுமக்க வைப்பதே சட்டப்படி செல்லும், அதனால் பால் பீச்சிக் கொடுக்க வாரத்துக்கு இவ்வளவு, பையும் பார்சல் செலவும் தனி என்று தனிப் பத்தியாகவே போடுகிறார்கள். பிரிட்டனில் 1985 சட்டப்படி அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வைத்து யாரையும் நீதிமன்றத்தில் கட்டாயப்படுத்தவே முடியாது. இணையத்தில் கிடைக்கிற ஆங்கில மாதிரியை இறக்கித் தமிழில் மாற்றிப் பத்திரத்தாளில் அடித்துக்கொண்டு வருகிறார்கள், அதுதான் என் கவலை. அங்கே இருக்கிற சட்டம் வேறு, இங்கே இருக்கிற சட்டம் வேறு. பணத்தை எடுத்துவிட்டுக் கடமையை மட்டும் அப்படியே விட்டுவைத்தால் அவள் தலையில் சுமைதான் மிஞ்சும்.

ஏற்கெனவே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அவள் மறுத்தால் கேஸ் போடலாமா?

போட்டு என்ன செய்வீர்கள்? ஒருவருடைய சொந்த உழைப்பையோ திறமையையோ நம்பி இருக்கிற வேலையை, செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்பது, ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைப்பது பற்றிய 1963-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. பாட்டுப் பாட ஒத்துக்கொண்ட பாடகரையே இழுத்து வந்து பாட வைக்க முடியாது என்றால், ஒரு பெண்ணின் மார்பிலிருந்து பாலை எடுக்கச் சொல்லி எந்த நீதிமன்றம் உத்தரவு போடும்? 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், திருடுபோன ஒரு குழந்தையின் வழக்கில், பாலூட்டுவது தாயின் உரிமை, பால் குடிப்பது குழந்தையின் உரிமை என்று சொன்னது. உரிமை என்றுதான் சொன்னது, இன்னொருத்தி மேல் சுமத்துகிற கடமை என்று சொல்லவில்லை. அந்த வழக்கு நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தாது, ஆனால் யாராவது அதைக் காட்டி மிரட்டினால் தெரிந்து வைத்திருங்கள்.

பால் கொடுக்கவில்லை என்றால் பால் சுரக்காமலே இருந்துவிடும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். இருக்காது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் ஒரு ஹார்மோன் சட்டென்று இறங்கும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ஏற்கெனவே ஏறி நிற்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சில பேருக்கு நான்காம் நாளோ பால் இறங்கிவிடும். குழந்தை யாருடைய கருமுட்டை, காகிதத்தில் யார் பெயர் என்பதெல்லாம் மார்புக்குத் தெரியாது.

சின்னவளுக்கு மூன்றாம் நாள் ராத்திரி வந்தது. கோயம்புத்தூரில் பிரசவம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பக்கத்தில் பத்து நாளைக்கு ஒரு வீடு எடுத்திருந்தோம். அடுத்த அறையில் பெரிய தங்கையும் குழந்தையும். குழந்தை வீறிட்டது, இவள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் லைட்டைப் போட்டுப் பார்த்தபோது நைட்டியின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்து, தலையணை உறை வரைக்கும் ஈரம். தொட்டால் மார்பு பாறை மாதிரி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நிற்கிறது, அக்குள் வரைக்கும் வலி, உடம்பில் காய்ச்சல் சூடு. "நான் குழந்தையைத்தானே சுமக்கறேன்னு சொன்னேன், பாலையும் எழுதிட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் யாரோ அந்தப் பத்திரத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தோடு சேர்த்து நூறு ரூபாய்ப் பத்திரத்தாளில் தெரிந்த வக்கீல் ஒருவர் அடித்துக் கொடுத்தது, அதில் ஒன்பதாவது வரியில் "ஆறு மாதம் தாய்ப்பால் தருவார்" என்று இருந்தது. அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள். நானும் படிக்கவில்லை. இருபது வருஷம் ஊரெல்லாம் பாலைப் பற்றிப் பேசிய நான், சொந்தத் தங்கையின் காகிதத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. அது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

மறுநாள் காலையில் பெரிய தங்கையே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். இரண்டு பேரும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

பால் வேண்டாம் என்றால் நிறுத்துவது எப்படி?

பிரசவமான முதல் நாளே டாக்டரிடம் கேட்டால் கேபர்கோலின் என்ற மாத்திரை கொடுப்பார்கள், பெரும்பாலும் ஒரே வேளைதான். ரத்த அழுத்தம் ஏறியவர்களுக்கு அது ஆகாது. அதனால் தெரிந்த மெடிக்கலில் போய் வாங்கிப் போடுகிற வேலை வேண்டாம். பால் இறங்கிய பிறகு என்றால் மெதுவாகத்தான் குறைக்க முடியும்: வலி தாங்காதபோது மட்டும், நிம்மதியாகிற அளவுக்குக் கொஞ்சமாகப் பீச்சிவிட வேண்டும், முழுதாக வடித்தால் உடம்பு இன்னும் சுரக்கும். குளிர்ந்த துணி வைக்கலாம். முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டால் கனம் குறைகிறது. எங்கள் மலையில் கோஸுக்குப் பஞ்சமில்லை, நான் பார்த்த பெண்கள் பலருக்கு அது இதம் தந்திருக்கிறது. பாட்டி காலத்தில் மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டுவார்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்வில் அப்போது கொடுத்துவந்த மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பூவும் பால் சுரப்பைக் குறைத்தது.

ஒரு பக்கம் மட்டும் சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் போதாது. அது கட்டியாகிச் சீழ் பிடிக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 36 மாதக் காப்பீடு பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கலுக்கும் சேர்த்துத்தான், எடுக்கும்போதே மார்புக் கட்டிக்கும் உண்டா என்று கேட்டு வையுங்கள்.

சரி, சீம்பாலாவது கேட்கலாமா?

கேட்கலாம். கேட்பது வேறு, எழுதிக் கட்டாயப்படுத்துவது வேறு. முதல் இரண்டு மூன்று நாள் வருகிற மஞ்சள் சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது, முதல் நாள் சில ஸ்பூன் வந்தாலே பச்சைக் குழந்தைக்குப் போதும். குறை மாதத்தில் பிறந்த குழந்தை என்றால் இன்னும் முக்கியம், குடல் அழுகிப்போகிற ஒரு நோயிலிருந்து தாய்ப்பால் அந்தக் குழந்தைகளைக் காக்கிறது. ஏழாம் மாதம் முடிந்ததும் ஒரு நாள், டாக்டரும் கூட இருக்கும்போது, "உனக்கு மனசு இருந்தால் முதல் மூணு நாள் கொடு, இல்லைன்னாலும் ஒண்ணுமில்லை" என்று அம்மாவே நேரில் கேட்பது நல்லது. மாமியார் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

பால் கொடுத்தால் குழந்தையை விட மாட்டாள், ஒட்டிக்கொள்வாள் என்கிறார்களே?

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, என் பெரிய தங்கைக்கும் இருந்தது. பாலூட்டும்போது சுரக்கிற ஹார்மோன் பாசத்தோடு சம்பந்தப்பட்டதுதான், அதே ஹார்மோன்தான் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைக் குறைக்கிறது. அதை வைத்து அவள் குழந்தையைக் கேட்பாள் என்று முடிவு கட்டக் கூடாது. பிரிட்டனில் சுமந்து கொடுத்த 34 பெண்களிடம் பேசி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையை ஒப்படைத்ததால் அவர்களுக்குப் பெரிய மனச்சிக்கல் வரவில்லை என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் நான் கண்டது வேறு ஒரு சிக்கல். ஐந்தாம் நாள் சின்னவள் தானாகவே, "பம்பு வாங்கிக் கொடுங்க, வர்ற வரைக்கும் தர்றேன்" என்றாள். பீச்சிக் கொடுத்தாள், எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு காலையில் பாட்டிலில் 40 மில்லிதான் இருந்தது. பெரிய தங்கை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இவ்வளவுதானா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ராத்திரியெல்லாம் தூங்காதவள் வாயில் வந்துவிட்டது. சின்னவள் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. ஒட்டிக்கொள்வாளோ என்று பயந்து காவல் இருந்தோம், கடைசியில் அவளை நோகடித்தது அந்தக் கணக்குப் பார்த்த பார்வைதான். பாட்டிலில் அளவுக்கோடு இருக்கிறது, என்ன செய்ய? வேறு டப்பாவில் ஊற்றி நான் எடுத்துப் போகிற மாதிரி மாற்றினோம்.

நேரடியாகக் கொடுப்பதா, பீச்சிக் கொடுப்பதா?

சுமந்தவளுக்கும் அம்மாவுக்கும் எது மனசுக்குச் சரியோ அது. நாங்கள் இதைப் பேசியபோது சின்னவள் நேரடியாக வேண்டாம் என்றாள், அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் பீச்சுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். சுரப்பு நிற்காமல் இருக்க ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, தடவைக்கு இருபது நிமிஷம் என்று வைத்தாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். கழுவுவது, கொதிக்க வைப்பது தனி. அவளுக்குச் சொந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும், கூடவே தினமும் 500, 600 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டாக வேண்டும். ஒப்பந்தத்தில் "பால் தருவார்" என்று இரண்டு வார்த்தையில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டரை மணி நேரத்தை ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பாலாடையில், அதாவது பால் புகட்டும் சங்கில், ஊட்டுங்கள், பாட்டிலைவிடக் கழுவ எளிது.

அம்மாவுக்கே பால் சுரக்க வைக்க முடியுமாமே?

முடியும், பல பேருக்கு ஓரளவு வரும். சில மாதம் முன்பிருந்தே ஹார்மோன் மாத்திரை கொடுத்து, அப்புறம் நிறுத்தி, பம்பு வைத்து அடிக்கடி இழுத்துத் தூண்டுவார்கள். பால் சுரக்க டாம்பெரிடோன் கொடுக்கிறார்கள், அது சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும், ஈசிஜி பார்க்காமல் தொடாதீர்கள். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கும் பால் வரும், அதற்குக் கர்ப்பப்பை தேவையில்லை. முழு வயிற்றுக்கு வராவிட்டாலும், மார்பின் ஓரத்தில் மெல்லிய குழாய் ஒட்டி, கிண்ணத்திலிருக்கும் பாலைக் குழந்தை அதன் வழியாக இழுத்துக் குடிக்க வைக்கலாம். குழந்தை மார்பில் சப்பும், வயிறும் நிறையும், சுரப்பும் தூண்டப்படும். பெரிய தங்கைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் அளவுதான் வந்தது. முதல் சொட்டு வந்த அன்றைக்கு ஜாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு மாதப் பாலைச் சுமந்தவளிடம் எழுதி வாங்கத் துடிக்கிறவர்கள் இந்த வழியைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்களா என்றால் இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சுமந்தவள் மலையில், குழந்தை கோவையில். பாலை எப்படி அனுப்புவது?

பத்து நாள் கழித்துச் சின்னவள் கோத்தகிரிக்கு ஏறிவிட்டாள், குழந்தை கீழேயே இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கொண்டை ஊசி வளைவுப் பாதை, மழை என்றால் மண் சரிந்து மணிக்கணக்கில் நிற்கும். நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான். பீச்சிய பால் சாதாரண அறையில் 4 மணி நேரம், பிரிட்ஜில் உள்பக்கமாக 4 நாள், நன்றாக உறைகிற பிரீசரில் சுமார் 6 மாதம் இருக்கும். "மலைக்குளிர்தானே, சமையலறையிலேயே வையுங்க" என்பார்கள், வைக்காதீர்கள், அடுப்பு எரிகிற இடம் சூடாகிவிடும். அனுப்பும்போது ஐஸ் பாக்ஸில் உறைந்த ஐஸ் பைகளை நான்கு பக்கமும் அடைத்து வையுங்கள், ஒரு நாள் தாங்கும். உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கரண்ட் போனால் பிரீசர் கதவைத் திறக்காமல் விடுங்கள்.

இன்னொன்று, நம் வீட்டில் பால் என்றாலே அடுப்பில் வைத்துப் பொங்கவிடுகிற கை. குழந்தையின் அப்பத்தா முதல் பையைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். தாய்ப்பாலைக் காய்ச்சினால் அதிலிருக்கிற எதிர்ப்புச் சத்து போய்விடும். சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் பையை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும்.

நோய் ஏதாவது பாலில் வந்துவிடுமா?

எச்ஐவி பாலில் வரும். கருவை வைக்கும் முன்பே சோதித்திருப்பார்கள், பிரசவத்தின்போதும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் பாலில் வரும், அதை நேராகக் கேளுங்கள். ஆனால் "பத்தியம் இருக்கணும், இதைச் சாப்பிடாதே" என்று ஒப்பந்தத்தில் பட்டியல் போடுவது அநியாயம்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். பால் உறவு வந்துவிடுமே?

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டார். இஸ்லாத்தில் ஒருத்தி இரண்டு வயதுக்குள் பாலூட்டிய குழந்தைக்கும் அவள் பெற்ற பிள்ளைகளுக்கும் இடையே பால்குடி உறவு உண்டாகும், அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. எத்தனை தடவை குடித்தால் என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்குள், அதாவது மார்க்கச் சட்ட வழிகளுக்குள், வித்தியாசம் இருக்கிறது, சுமப்பதைப் பற்றியே ஆலிம்களிடம், அதாவது மார்க்க அறிஞர்களிடம், தனிக் கருத்து இருக்கும். உங்கள் ஆலிமிடம் முன்கூட்டியே கேளுங்கள், பால் கொடுத்தால் யார் கொடுத்தது என்று எழுதி வையுங்கள். பால் வங்கியிலிருந்து வாங்கும்போதும் இதே கேள்வி வரும்.

ஊர் என்ன சொல்லும்?

ஊர் சொல்லத்தான் செய்யும். "ஒரு பிள்ளைக்கு ரெண்டு தாயா" என்று எங்களையும் கேட்டார்கள். பழைய தமிழில் ஒரு குழந்தைக்கு ஐந்து தாய் சொல்லியிருக்கிறார்கள்: பாராட்டும் தாய், ஊட்டும் தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். பால் கொடுக்கிறவளுக்கென்றே தனிப் பெயர் வைத்த மொழி இது. அதைச் சொன்னேன், பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு விடுப்பு உண்டா?

அம்மாவுக்குக் குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியர் என்றால் 2024 ஜூனில் வந்த திருத்தப்படி சுமந்தவளுக்கும் அம்மாவுக்கும் 180 நாள் வரை, அப்பாவுக்கு 15 நாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகிறவள் என்றால் பீச்சுவதற்கு இடமும் நேரமும் எங்கே என்று முன்பே மேற்பார்வையாளரிடம் பேசிவிடுங்கள். தேயிலைக்காட்டு நடுவில் மார்பு கனத்தால் ஒதுங்க ஒரு மறைவுகூட இருக்காது.

அவள் கொடுக்கவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. பால் வங்கி இருக்கிறதா?

1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது, இப்போது தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, கோவையிலும் உண்டு. பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கித் தருவார்கள். ஆனால் முதல் உரிமை குறை மாதக் குழந்தைகளுக்கும் உடம்பு சரியில்லாத குழந்தைகளுக்கும்தான். நிறை மாதத்தில் பிறந்த நல்ல குழந்தைக்கு மாதக்கணக்கில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அப்போது டாக்டர் சொல்கிற பவுடர் பால்தான், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரும் சரியான அளவும் பார்த்தால் குழந்தை வளரும். வாட்ஸ்அப்பில் "தாய்ப்பால் கிடைக்கும்" என்று வருகிற நம்பர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

அப்படியானால் காகிதத்தில் என்னதான் எழுதுவது?

நாங்கள் கோடு போட்டு அடித்த வரிக்குப் பதிலாகப் பிறகு எழுதியது கிட்டத்தட்ட இது:

"குழந்தை பிறந்த பின் பால் கொடுப்பதும் கொடுக்காததும் சுமந்தவரின் விருப்பம். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். அதனால் இந்த ஒப்பந்தத்தின் வேறு எதுவும் மாறாது. கொடுத்தாலும் நிறுத்தினாலும் மருத்துவர், மருந்து, பம்பு, சேமிப்புச் செலவைத் தம்பதியர் ரசீதுப்படி ஏற்பார்கள். பாலுக்குப் பணமோ பொருளோ கிடையாது. மார்பில் வலி, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது தம்பதியரின் பொறுப்பு."

உங்கள் வக்கீலிடமும் டாக்டரிடமும் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், அவள் புருஷனிடம் படித்துக் காட்டினால் போதாது.

உங்கள் தங்கை எவ்வளவு நாள் கொடுத்தாள்?

ஏழு வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பம்பைக் கழுவித் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, "போதும் அக்கா" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பிரீசரில் மிச்சம் பதினோரு பை இருந்தது, ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் தேதியும் நேரமும். பெரிய தங்கை அவற்றைப் பழைய தேதியிலிருந்து வரிசையாக எடுத்துக் கொடுத்து முடிக்க நான்கு நாள் ஆனது.